எனக்குத் தெரியாத மீன்

மார்ச் 3, செவ்வாய்

பல் கட்டுகிற லேபில் இன்று மூன்று முழுப் பல்செட், ஒரு பாதி செட் செய்தேன். பாதி செட் எப்படியும் திரும்பி வரும். கடைவாய்ப் பல் ஒரு நூல் உயரமாகிவிட்டது என்று தெரிந்தே டப்பாவில் போட்டு டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வரும் அவசரம். வீட்டில் என்ன தலைபோகிற வேலை? ஒன்றுமில்லை.

வாசலிலேயே மாடிவீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. சார் காலைல பத்து மணிலேருந்து லிஃப்டுலயே இருக்காரு. மேல போறாரு, கீழ வராரு. என் பொண்ணு ரெண்டு தடவ ஏறினா, ரெண்டு தடவயும் உள்ள நிக்கறாரு."

சிரித்து மழுப்பினேன். மழுப்புவதில் எனக்கு டிப்ளமோ உண்டு.

உள்ளே வந்தால் இவர் சோபாவின் வழக்கமான மூலையில். தொடைமேல் போன், முகம் மேலே பார்த்தபடி. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். யார் எங்கே மாட்டிக்கொண்டாலும் இந்தப் போன்தான் அடிக்கும். சாப்பாட்டில் கை வைத்த நேரம் பார்த்து அடிக்கும். கம்பெனியிலிருந்து நின்று நாலு மாதம் ஆகிறது. முட்டி போய்விட்டது, படி ஏற முடியவில்லை. போன் இப்போது மணி பார்க்க மட்டும்.

"லிஃப்டுல என்ன பண்ணீங்க?"

"பேரிங்ல ஒரு சத்தம் வருது. கேட்டுட்டிருந்தேன்."

"நாலு மணி நேரமாவா?"

"விட்டு விட்டுத்தான் வருது."

மகள் பேசினாள். ஊர்விட்டு ஊர் போய் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் தீர்வு தெரிந்திருக்கிறது. "ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கப் போற இல்ல, அப்பாவையும் கூட்டிட்டுப் போயேன்மா."

"பாக்கலாம்."

"நீ பாக்கலாம்னு சொன்னா வேணாம்னு அர்த்தம். எனக்குத் தெரியும்."

தெரியட்டும். ஞாயிறு என்னுடையது. ஆறு வருஷத்துக்கு முன் லேபில் ஆண்டுவிழாக் குலுக்கல். மிக்ஸி விழும் என்று காத்திருந்தவளுக்குத் தூண்டில் கம்பு விழுந்தது. மாற்றித் தரமாட்டோம் என்றார்கள். கோபத்தில் ஏரிக்குப் போனவள்தான், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். வாரம் ஆறு நாள் ஊரார் வாயைப் பார்க்கிறேன். ஏழாவது நாள் யார் வாயும் பேசாத ஓர் இடம். அங்கே இவரையுமா?

என்ன பெண்டாட்டி நான்.

மார்ச் 4, புதன்

கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

நாளைக்கு.

மார்ச் 6, வெள்ளி

கேட்டுவிட்டேன். இரண்டு நாளாகத் தயார் செய்த பேச்சு இருந்தது — முட்டிக்கு வேலையில்லை, உட்கார்ந்தே இருக்கலாம், நல்ல காற்று, இத்யாதி. எதுவும் தேவைப்படவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வரீங்களா?"

"சரி."

அவ்வளவுதான். பாயைச் சுருட்டுகிற மாதிரி என் ஞாயிற்றுக்கிழமையைச் சுருட்டிவிட்டார். மாட்டேன் என்பார் என்ற தைரியத்தில்தான் கேட்டேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே உறைத்தது. கேட்ட நல்ல பெயரும் கிடைக்கும், ஞாயிறும் பிழைக்கும் என்று திட்டம். இருபத்தேழு வருஷத்தில் எதைக் கேட்டாலும் "யோசிப்போம்" என்கிற மனிதர். திரைச்சீலை நிறத்தை மட்டும் ஒன்றரை மாதம் யோசித்தார்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் பஸ்ஸில் போனோம். இவர் வேலைக்குப் போகிற ஷூ, முழுக்கைச் சட்டை, பையில் டெஸ்டர், இடுக்கி, டார்ச்.

"மீன் பிடிக்கவா, லிஃப்ட் மோட்டார் ரூமுக்கா?"

"எதுக்கும் இருக்கட்டும்."

தண்ணீர் வாரியக் கட்டடத்துக்குப் பின்னால் சிமெண்ட் படிகள் இருக்கின்றன; நான்காவது படி என் இடம். பத்தடி தள்ளிக் குடைக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வெயிலோ மேகமோ, பெரிய கறுப்புக் குடையை நட்டுவைத்து அதனடியில் உட்கார்ந்திருப்பார். ஆறு வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டது இருபது வாக்கியம் இருக்கும். அதில் பாதி "இன்னைக்கு ஒண்ணும் இல்ல." என் வாழ்க்கையிலேயே சிறந்த நட்பு அது.

இவர் வந்த அரை மணி நேரத்தில் குடைக்காரருக்குச் சர்க்கரை இருப்பது, சம்சாரத்துக்குக் கண் ஆபரேஷன் ஆனது, வேனின் கிளட்ச் பிரச்சினை எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வேண்டவே வேண்டாம்.

பிறகு என்னிடம் வந்தார். "இந்தத் தூண்டில் நரம்பு எவ்வளவு வெயிட் தாங்கும்?"

"நாலு கிலோ."

"ஏரில நாலு கிலோவுக்கு மேல மீன் இருக்கா?"

"இருக்கலாம்."

"அப்ப லோடு கணக்கே தப்பாச்சே."

நானும் சும்மா இருக்கவில்லை. மண்புழுவை எப்படிக் கோப்பது, தக்கை எப்போது அமிழும், எப்போது வெட்டி இழுப்பது என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். என் குரல் எனக்கே லேப் முதலாளியம்மா குரல் மாதிரி கேட்டது.

ஒன்பது மணிக்கு ஒரு கெண்டை விழுந்தது. ஒரு சாண் இருக்கும். பெருமையாக அவர் முன்னால் நீட்டினேன். அவர் மீனைப் பார்க்கவில்லை, அதன் வாயைப் பார்த்தார்.

"மாட்டியிருக்கே."

"மாட்டினாத்தான் மீன் பிடிக்கறது."

"முப்பத்தொரு வருஷமா மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுத்தேன். இப்ப மாட்டிவிடச் சொல்றியே."

"முந்தாநேத்து வறுத்த மீன் ரெண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே?"

கொஞ்சம் யோசித்தார். "அது எனக்குத் தெரியாத மீன்."

குடைக்காரர் குடைக்குள் சிரிப்பது கேட்டது. மீனை விட்டுவிட்டேன். பெருந்தன்மையாக விட்டுவிட்டு, வீடு வரும்வரை பஸ் ஜன்னலோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

மார்ச் 11, புதன்

பாதி செட் திரும்பி வந்தது. கடைவாய்ப் பல் உயரம். சொன்னேன் இல்லையா.

பாலிஷ் போடுகிறவளிடம் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னேன். "அவருக்குன்னு ஒரு கம்பு குடுங்க அக்கா. அடுத்தவங்க பிடிக்கறத வேடிக்கை பாத்தா யாருக்கும் பாவமாத்தான் இருக்கும். தன் கைல வந்தா வெறி வந்துடும்." அவளுக்கு மூன்று கல்யாணமும் அப்படித்தான் ஆகியிருக்கும் போல. அவள் சொன்னதைக் கேட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

இவருக்குப் புதுக் கம்பு, புது ரீல். பிரித்ததும் ரீலைக் கழற்றிப் பல்சக்கரம் பார்த்தார், கிரீஸ் போட்டார், மூடினார். முகத்தில் ஒரு வெளிச்சம். ஆஹா, பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

கம்பை வீசினார். அழகாக வீசினார். எனக்கு வர ஆறு மாதம் ஆனது. தக்கையைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் குடைக்காரருக்குக் கண்ணால் சைகை காட்டினேன்: பாருங்கள், பாருங்கள், என் சிஷ்யன்.

கிளம்பும்போது அவர் நரம்பைச் சுருட்டினார். நுனியில் ஈயக்குண்டு இருந்தது. தூண்டில் முள் இல்லை. அறுந்து போயிருக்குமோ என்று பார்த்தேன்.

"கட்டவே இல்ல," என்றார்.

"மூணு மணி நேரம் முள்ளே இல்லாமலா உட்கார்ந்திருந்தீங்க?"

"நல்லாத்தானே இருந்தது?"

குடைக்காரர் குடையை மடக்கிக்கொண்டே, "இந்த ஏரியிலேயே நிம்மதியான ஆள் உங்க வீட்டுக்காரர்தாங்க," என்றார். இருபத்தோராவது வாக்கியம்.

மார்ச் 22, ஞாயிறு

அதேதான். முள் இல்லாத தூண்டில். மீன்கள் என்னைவிட அவர் பக்கம் அதிகமாகச் சுற்றுகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். அவற்றுக்கும் தெரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் எழுதியாக வேண்டும். திங்கள் முதல் சனி வரை அவர் லிஃப்டுக்குப் போகவில்லையாம். மாடிவீட்டுக்காரி சொன்னாள். சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்ட அரை நிமிஷத்தில், அப்படியானால் இனி எல்லா ஞாயிறும் கூட வருவாரே என்று தோன்றியது. இதையெல்லாம் எழுதி வைக்காமல் இருப்பது நல்லது. ஆனால் எழுதிவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

மழை. போகவில்லை. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், முள் இல்லாமல்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கோபமா, வெட்கமா — எது என்று எழுதிப் பார்க்கிறேன்.

எட்டரை மணிக்குத் தக்கை மெதுவாகச் சாய்ந்தது, அமிழவில்லை, பக்கவாட்டில் நகர்ந்தது. பெரிய மீன் அப்படித்தான் எடுக்கும். வெட்டி இழுத்தேன். ரீல் கத்தியது. கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. மூன்று வருஷமாக இந்த மீனைத்தான் தேடுகிறேன் — இரண்டு தடவை நரம்பை அறுத்துக்கொண்டு போன மீன். இது அதேதானா என்று யார் கேட்டாலும் அதேதான் என்பேன்.

இருபது நிமிஷம். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. குடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அவர் நின்று நான் பார்த்ததே இல்லை, இவ்வளவு உயரமான மனிதர் என்று இன்றுதான் தெரியும். "வலைய எடுங்க! வலைய எடுங்க!" என்று இவரிடம் கத்தினேன். இவர் கைவலையோடு முட்டி வலிக்க இரண்டு படி இறங்கி, தண்ணீரில் ஷூவோடு நின்று, ஒரே அள்ளில் அள்ளினார். என் கைநீளத்துக்கு ஒரு கெண்டை. செதில் ஒவ்வொன்றும் நகம் அளவு.

போட்டோ எடுக்கப் போன் பையில் இருந்தது. பை பத்தடி தள்ளி. "அப்படியே பிடிச்சிட்டிருங்க" என்று ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் இடுக்கியை மடக்கிக்கொண்டிருந்தார். வலை காலி.

"என்ன ஆச்சு?"

"எடுத்து விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன். எழுதினால்தான் புத்தி வரும்.

"அஞ்சு மாசமா அந்த சோபால செத்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. இழுத்துட்டு வந்து உட்கார வெச்சேன். எனக்குன்னு இருந்தது வாரத்துல இந்த ஒரு நாள். அதையும் குடுத்தேன். ஒரு மீன்... ஒரே ஒரு மீன், அதக் கூட வெச்சுக்க விடமாட்டீங்களா? உங்கள யாரு வரச் சொன்னா? பாவம் பாத்துக் கூப்பிட்டேன்!"

பாவம் பார்த்து. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன், குடைக்காரர் காது கேட்க.

அவர் கம்பைப் பிரித்து உறையில் போட்டார். ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார், மறுபடி மாட்டினார். படி ஏறிப் போனார். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். ஓடிப் பிடித்திருக்கலாம். முட்டி போன மனிதரை ஓடிப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் உட்கார்ந்து மறுபடி புழுக் கோத்தேன். அதையும் எழுதி வைக்கிறேன். புழுக் கோத்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது புதிதில்லை. நான் பேசாமல் இருப்பதுதான் வீட்டுக்குப் பழக்கமில்லை. சுவர்க் கடிகாரச் சத்தம் இவ்வளவு பெரிதா?

ஏப்ரல் 9, வியாழன்

மாடிவீட்டுக்காரி: "சார் மறுபடி லிஃப்டுல..."

ஏப்ரல் 12, ஞாயிறு

தனியாகப் போனேன். கேட்ட வரம் கிடைத்தது. நான்காவது படி முழுக்க எனக்கு. யாரும் லோடு கணக்குக் கேட்கவில்லை.

"சார் எங்க?" என்றார் குடைக்காரர்.

"ஜலதோஷம்."

அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆறு வருஷ நட்பு சும்மாவா.

வேண்டுமென்றே போல மீனாக விழுந்தது. நான்கு. நான்கையும் விட்டுவிட்டேன். யாருக்காக? அவர் பார்க்கவா போகிறார்? பார்க்க ஆளில்லாத இடத்தில் நல்லவளாக நடித்து என்ன லாபம்? ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டு, பழக்கத்தில் இடதுபக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒரு காலித் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

பத்து மணிக்கே கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஒரு அம்மாளுக்கு முன்பல் நிறத்தை இரண்டு ஷேடு வெளுப்பாக வைத்துவிட்டேன். டாக்டர் போன் செய்து, அந்த அம்மாள் கண்ணாடி பார்த்துவிட்டு "இது யார் பல்லு?" என்று கேட்டதாகச் சொன்னார். முதலாளியம்மா என்னைப் பார்த்த பார்வை!

இன்று மாலை மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். "நான் அன்னைக்குப் பேசினது தப்புங்க." ஆறு சொல்கூட இல்லை. பக்கத்து ஸீட் பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். வாய்விட்டு ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்த்து, மூச்சை இழுத்து, கேட்டேன்: "உப்பு போதுமா?"

"போதும்."

பதினாறு வயதில்கூட நான் இவ்வளவு கோழை இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

இன்று அவர்தான் பேசினார். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

மாலை ஆறு மணி இருக்கும். வேலையிலிருந்து வந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அந்த மீன் வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு. சத்தமே வரல. அதான்."

நான் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவார்.

கடைசியாகப் போன வேலை பற்றிச் சொன்னார். ஒன்பது மாடிக் கட்டடம். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு சின்னப் பெண், வேலையில் சேர்ந்த முதல் நாள். மோட்டார் ரூம் மொட்டை மாடியில், படிதான் வழி. மற்ற நாளில் ஏழு எட்டு நிமிஷத்தில் ஏறிவிடுகிறவர். அன்று மூன்றாவது மாடியில் முட்டி நின்றுவிட்டது.

"படிலயே உட்கார்ந்துட்டேன். அந்தப் பொண்ணு இன்டர்காம்லேருந்து என் போனுக்குப் பேசிட்டிருந்தா. 'வந்துட்டேம்மா, பக்கத்துல வந்துட்டேன்'னு சொல்லிட்டே இருந்தேன். மூணாவது மாடிப் படில உட்கார்ந்துட்டு. பொய்தான். நாப்பது நிமிஷம் ஆச்சு நான் மேல போக. கடைசிப் பத்து நிமிஷம் அவ பேசவே இல்ல. மூச்சு மட்டும் கேட்டுது."

"அந்தப் பொண்ணுக்கு..."

"ஒண்ணும் ஆகல. நடந்துதான் வெளிய வந்தா. 'தேங்க்ஸ் அங்கிள்'னா. அதான் தாங்கல. மறுநாளே எழுதிக் குடுத்துட்டேன்."

"எழுதிக் குடுத்தீங்களா? கம்பெனில அனுப்பிட்டாங்கன்னு..."

"நான் அப்படிச் சொல்லவே இல்லியே. நீயே சொல்லிக்கிட்ட."

உண்மைதான். முட்டி என்றார், நான் மீதியை இட்டு நிரப்பிக்கொண்டேன். ஐந்து மாதமாக அந்தக் கம்பெனியை ஊர் முழுக்கத் திட்டியிருக்கிறேன். லேபில், பஸ்ஸில், பல் டாக்டரிடம், என் தங்கையிடம், மகளிடம். கம்பெனி வாசல் வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் ஒரு தடவைகூட, "அன்னைக்கு என்னதாங்க ஆச்சு?" என்று கேட்கவில்லை. ஊரார் வாயெல்லாம் பார்க்கத் தெரிந்த எனக்கு!

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. இரண்டு பேரும் துணி எடுத்துத் துடைத்தோம். துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "நான் அன்னைக்குப் பேசினது தப்புங்க."

"சோபால அப்படித்தானே உட்கார்ந்திருந்தேன்," என்றார்.

"அதுக்காகச் சொல்லிடறதா?"

"குடைக்காரர் முன்னால சொல்லியிருக்க வேணாம்," என்றார். அப்புறம் துணியைப் பிழிந்துகொண்டே: "ஷூ இன்னும் காயல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. இன்னொன்றைப் பால் துணியில் துடைத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

யாரும் எங்கும் போகவில்லை. நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் மறுபடி பாவம் பார்த்ததாகிவிடும். அவரும் கேட்கவில்லை. மத்தியானம் என் பல் வேலைச் சாமான் பெட்டியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "என்ன வேணும்?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். வீடு மறுபடி சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 25, சனி

புழு மண்ணை மாற்றலாம் என்று தூண்டில் பெட்டியைத் திறந்தேன். முள் டப்பாவில் கை விட்டால் — ஒன்றும் குத்தவில்லை. ஆறு வருஷமாக அந்த டப்பாவில் கை விட்டு ரத்தம் வராமல் எடுத்ததில்லை.

எடுத்துப் பார்த்தேன். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாகச் சின்னதாக ஒரு கூர் நீட்டிக்கொண்டிருக்கும். மாட்டிய மீன் கழன்று போகாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அது இல்லை. நாற்பத்தாறு முள்ளிலும் இல்லை. வழவழவென்று அராவி, பாலிஷ்கூடப் போட்டிருக்கிறார். அராவியது எதில் என்று எனக்குத் தெரியும். வீட்டில் நான் வைத்திருக்கிற பல்செட் அராவுகிற சின்ன மெஷினில். ஒரு வாரமாக நான் வேலைக்குப் போனதும் ஆள் இதைத்தான் செய்திருக்கிறார். மாடிவீட்டுக்காரி இந்த வாரம் வாசலில் நிற்காததன் காரணம் இப்போது புரிகிறது.

முதலில் கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"இப்ப மாட்டும். ஆனா வேணும்னா கழண்டு வந்துடலாம். உள்ள இருந்தே தொறக்கற கதவு மாதிரி."

"மீன் எல்லாம் போயிடுமே!"

"கெட்டியா பிடிச்சா போகாது. நரம்பு தளராம இழுக்கணும். சத்தியமா, நான் யோசிச்சுட்டேன்."

பல் கட்டிப் பிழைக்கிறவள் வீட்டில் அத்தனை முள்ளுக்கும் பல்லைப் பிடுங்கி வைத்திருக்கிறார். யாரிடம் போய்ச் சொல்வது?

"நாளைக்கு வரீங்களா?" என்று கேட்டேன். பாவம் பார்த்தெல்லாம் இல்லை. அந்த முள்ளோடு என்னைத் தனியாக அனுப்பினால் கொலை விழும்.

"ஷூ காஞ்சிடுச்சு," என்றார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நான் தவறவிட்டது ஏழு. ஏழும் கரைக்கு இரண்டடி முன்னால் வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கழன்று போயின. குடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை, குடை மட்டும் குலுங்கியது.

பிறகு இவருக்கு ஒன்று மாட்டியது. இன்று முள் கட்டியிருந்தார்! முள் செய்ததைச் சோதித்துப் பார்க்க என்றார். தக்கை அமிழ்ந்ததும் வெட்டி இழுக்கவில்லை, பிரேக் போடுகிற மாதிரி மெதுவாகக் கம்பைத் தூக்கினார். நரம்பு ஒரு நூல்கூடத் தளரவில்லை. முப்பத்தொரு வருஷம் கம்பி வடத்தின் இழுவையைக் கைவிரலால் பார்த்தவர் அல்லவா. நான் பாடம் எடுத்ததை நினைத்து எனக்கே காது சூடானது.

ஒரு சாண் கெண்டை. என்னுடையதைவிடச் சின்னது. குறித்து வைக்கிறேன்.

அதைத் தண்ணீரிலிருந்து தூக்கவில்லை. படியில் உட்கார்ந்து, முட்டியை நீட்டி, குனிந்து, தண்ணீருக்குள்ளேயே கையில் பிடித்துக்கொண்டார். அப்போது ஒரு குரல் கேட்டது. இருபத்தேழு வருஷமாக எத்தனையோ சாப்பாட்டு நேரத்தில் போனில் கேட்ட குரல், இப்போது மீனிடம்.

"பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது. ஒரு நிமிஷம், இதோ எடுத்துடறேன். மெதுவா மூச்சு விடுங்க."

மீனுக்கு மரியாதைப் பன்மை. குடைக்காரர் திரும்பிப் பார்த்தார், அவர் சிரிக்கவில்லை. முள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மீன் போனது. இவர் வெறும் கையைத் தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"அரை நிமிஷம்கூட ஆகல," என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

மே 3, ஞாயிறு

அவர் மூன்று. நான் ஒன்று. காற்று என் பக்கம் சரியில்லை.

மே 10, ஞாயிறு

அவர் ஐந்து. எனக்கு மூன்று, அதில் ஒன்று செருப்பு. மகளுக்குப் போன் செய்து, "எல்லாம் உன்னாலதான்," என்றேன். "நல்லதுதானேம்மா?" என்றாள். "நல்லதுதான். அதான் எரிச்சலா இருக்கு."

மே 17, ஞாயிறு

இன்று ஒப்பந்தம் போட்டோம். தூண்டில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறார், எதற்கு எந்தப் புழு என்று பட்டியல் போடுகிறார், என் நான்காவது படியில் அவர் ஃபிளாஸ்க். எனக்கு மூச்சு முட்டியது. மனதுக்குள் வைத்து வெடித்தால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். அதனால் சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"முதல் ஒரு மணி நேரம் நான் அந்தக் கோடிக்குப் போயிடறேன். தனியா. கோபமெல்லாம் இல்ல."

"சரி," என்றார்.

"வருத்தமில்லையே?"

"இல்ல. குடைக்காரர் கிட்ட நிம்மதியா பேசலாம். நீ இருந்தா முறைக்கற."

இருபத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது, இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல.

மே 24, ஞாயிறு

கோடிப் பக்கம் நாணல் நடுவில் நல்ல இடம் பிடித்தேன். ஒரு மணி நேரம். பிறகு நானாகவே எழுந்து வந்தேன், ஐம்பது நிமிஷத்தில்.

ஜூன் 7, ஞாயிறு

நாளைக் காலைக்குள் நான்கு செட் வேண்டுமாம். யாரோ ஒரு குடும்பமே ஒன்றாகப் பல்லை இழந்திருக்கிறது போல. நான் லேபுக்குப் போனேன்; அவர் முதல் தடவையாகத் தனியாக ஏரிக்கு.

இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அவர் கதவைத் திறந்துவிட்டு, என்னைச் செருப்புக் கழற்ற விடவில்லை.

"பெருசு ஒண்ணு மாட்டுச்சு. கரை வரைக்கும் கொண்டு வந்துட்டேன். கழண்டு போயிடுச்சு."

"எவ்வளவு பெருசு?"

முழங்கையிலிருந்து விரல் நுனி வரை காட்டினார். சரி, இருக்கலாம்.

"குடைக்காரர் பாத்தாரா?"

"அவரு அந்த நேரம் பாத்து டீ குடிக்கப் போயிட்டாரு."

மூன்று மணிக்கு என் தங்கை வந்தாள். அவளுக்குச் சொல்லும்போது மீன் தோள்வரை வந்துவிட்டது. நரம்பு "கிண்"ணென்று பாடியதாம். எனக்குச் சொன்னதில் பாட்டு இல்லை. தங்கை வாயைப் பிளந்து கேட்டாள். அவள் வீட்டுச் சமையல் அலமாரிக் கதவு சத்தம் போடுகிறது என்று சொல்லத்தான் வந்தாள், சொல்லாமலே போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு அவராகவே மகளைக் கூப்பிட்டார். கூடத்தில் நடந்துகொண்டே பேசினார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், அவளுக்கு எப்படித் தெரியும்? இப்போது மீனுக்கு மீசை வேறு. இருபது நிமிஷப் போராட்டமாம். "ஒரு தடவ என்னத் திரும்பிப் பாத்தாரும்மா," என்றார். மீனைத்தான்.

நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஏரியை ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். அவர் கை விரித்த அளவுக்கு அங்கே ஒரு படகுகூடக் கிடையாது.

போனை வைத்துவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். கொஞ்சம் கூச்சம்.

"நீ நம்பறியா?"

நான் வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னேன். "கொஞ்சம் குறைச்சுத்தான் சொல்றீங்கன்னு தோணுது."